வீட்டை விட்டு வந்த பிறகுதான் நடுக்கம் தொடங்குகிறது

"அடி வாங்கிட்டிருந்தப்போகூட நான் இப்படி அழலை மேடம். இப்போ அம்மா வீட்ல நிம்மதியா இருக்கேன், இப்போ போய் ஏன் இப்படி ஆகுது?"

கீழ்ப்பாக்கத்தில் மனநல ஆலோசகராக உட்கார்ந்த இத்தனை வருடங்களில் இந்தக் கேள்வியை எத்தனை பெண்கள் கேட்டிருப்பார்கள் என்று கணக்கே இல்லை. கேட்கும்போது ஏதோ தப்பு செய்தவர்கள் போலத் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெரம்பூரில் தாய்வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. தெருவில் யாராவது பைக்கை நிறுத்தி சைடு ஸ்டாண்டைத் தட்டிவிடும் சத்தம் கேட்டால் போதும், கல்லில் தோசை பாதி வெந்திருந்தாலும் கை தானாக அடுப்பை அணைத்துவிடும். அப்புறம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கதவைப் பார்த்து நிற்பார். கணவர் இன்றைக்கு என்ன கோபத்தில் வருகிறார் என்பதை ஒன்பது வருடமாக அந்தச் சத்தத்தை வைத்துத்தான் கணித்திருக்கிறார். அம்மாவோ, "அவன்தான் இங்க இல்லையே, இன்னும் என்னடி பயம்?" என்று சலித்துக்கொள்கிறார்.

ஆபத்துக்கு நடுவில் இருக்கும்வரை உடம்புக்குத் தப்பிப் பிழைப்பது ஒன்றே வேலை, அழக்கூட நேரம் கிடைக்காது. பத்திரமான இடத்துக்கு வந்த பிறகுதான் தூக்கமின்மை, கெட்ட கனவு, பிள்ளையிடம் கத்திவிட்டு அப்புறம் குமுறி அழுவது என்று ஒவ்வொன்றாகத் தலைதூக்கும். நீண்ட நாள் கொடுமையை அனுபவித்தவர்களுக்கு வரக்கூடிய சிக்கலான பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிறகு மனசிலும் உடம்பிலும் தங்கிவிடும் பாதிப்பு) என்பதை, 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 தனியாகவே சேர்த்திருக்கிறது. இதற்குச் சிகிச்சை உண்டு.

'அவர் ஞாபகம் வருது' என்று சொல்லவே பலர் கூசுகிறார்கள். அடித்த மறுநாள் மல்லிப்பூவோடு வந்து நின்றவரும் அதே ஆள்தானே, ஞாபகம் வரத்தான் செய்யும். அதை வைத்து 'இவளுக்கு இன்னும் ஆசை விடலை' என்று தயவுசெய்து பேசாதீர்கள். நடந்ததைத் தேதி வாரியாகச் சொல்ல வராமல் திணறினாலும் பொய் சொல்கிறாள் என்று நினைக்காதீர்கள், பயத்தில் பதிந்த நினைவு துண்டு துண்டாகத்தான் வரும். ஞாபகம் வருவதை வருகிற வரிசையிலேயே ஒரு நோட்டில் எழுதச் சொல்வேன்.

பெரம்பூர்ப் பெண்ணிடம் ஒவ்வொரு முறையும் டீயா காபியா என்று கேட்பேன். "உங்க இஷ்டம் மேடம்" என்பார். எந்தப் புடவை, எத்தனை மணிக்குச் சாப்பாடு, எல்லாமே இன்னொருவர் முடிவாக இருந்த வாழ்க்கை அது. நானும் அவசரப்படுத்தவில்லை. ஆறாவது முறையோ ஏழாவது முறையோ, "காபி, சர்க்கரை கம்மியா" என்றார். அன்றைய குறிப்பில் முதல் வரியே அதுதான்.

சொந்தக்காரர்கள் அடிக்கடி கேட்பது, ரெண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுங்களேன் என்று. அவளுக்குப் பயம் இருக்கும்வரை நான் அதைச் செய்ய மாட்டேன். கணவர் எதிரில் இருக்கும்போது வாய் திறந்து சொன்னதற்கு, வீட்டுக்குப் போனதும் அவள்தான் விலை கொடுக்க வேண்டும்.

வீட்டைவிட்டு வர முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் வசைச் சொல்லும், கைச்செலவுக்குக் காசு தராமல் முடக்குவதும் வன்முறைதான். வீடு உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும் அதில் குடியிருக்கும் உரிமையை அது தருகிறது. உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181, மனசு தாங்காத ராத்திரிகளுக்கு மனநல உதவி எண் 14416. இரண்டும் இலவசம், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். பாதிக்கப்பட்ட பெண்ணால் பேச முடியாவிட்டால் அக்காவோ பக்கத்து வீட்டுக்காரரோகூட 181-ஐக் கூப்பிட்டு விவரம் கேட்கலாம்.