ராகி பிஸ்கட் முழு உணவா? பாக்கெட்டோட பின்பக்கத்தை எப்படி படிக்கிறது

சுகர் வந்துருச்சு, இல்ல வெயிட் ஏறிடுச்சுன்னு டாக்டர் சொன்னதும் நம்ம வீடுகள்ல என்ன நடக்குது? மைதா பிஸ்கட் இருந்த டப்பாவுல ராகி பிஸ்கட் வந்துரும், உப்புமாவுக்கு பதிலா மசாலா ஓட்ஸ், வெள்ளை சர்க்கரைக்கு பதிலா நாட்டுச் சர்க்கரை, சாயங்கால காபி இடத்துல ஏதாவது ஒரு ஹெல்த் மிக்ஸ். மாத்தணும்னு நினைக்கிறதே பெரிய விஷயம், அந்த முயற்சி வீணாகக் கூடாதுங்கிறதுக்காகத்தான் இதை எழுதுறேன், ஏன்னா மேல சொன்ன மாற்றங்கள்ல பாதிக்கு மேல பேரு மட்டும்தான் மாறுது, உள்ள போற சாப்பாடு கிட்டத்தட்ட அதேதான்.

முதல்ல ஒரு விஷயத்தை தெளிவு பண்ணிடுவோம். பதப்படுத்தின உணவு எல்லாமே கெட்டதுன்னு சொல்றவங்க பேச்சை கேட்டா நாம இட்லி கூட சாப்பிட முடியாது. ஊற வச்சு, அரைச்சு, புளிக்க வச்சு, ஆவில வேக வைக்கிறது எல்லாமே பதப்படுத்துறதுதானே. மாவு புளிக்கும்போது உளுந்துலயும் அரிசிலயும் இருக்குற பைடிக் அமிலம் குறையுது, அதனால இரும்புச்சத்தும் துத்தநாகமும் உடம்புக்கு இன்னும் நல்லா கிடைக்குது. புழுங்கல் அரிசி இதை விட பெரிய உதாரணம். நெல்லை ஊற வச்சு அவிக்கும்போது தவிட்டுலயும் முளைலயும் இருக்குற பி1 வைட்டமின் அரிசிக்குள்ள இறங்கிடும், அப்புறம் மில்லுல தீட்டினாலும் கணிசமான அளவு உள்ளயே தங்கிடும்.

மலேயாவுல இதை கண்கூடா பார்த்தாங்க. சயாம்ல (இப்போ தாய்லாந்து) இருந்து வந்த தீட்டின வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு, பி1 குறைஞ்சா வர்ற பெரிபெரி நோய் வந்து கும்பல் கும்பலா செத்துட்டு இருந்தாங்க, அதே ஊர்ல புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ் தொழிலாளர்களுக்கு அது பெருசா வரல. வில்லியம் ஃபிளெட்சர்ங்கிற டாக்டர் கோலாலம்பூர் மனநல விடுதியில இதை சோதிச்சு 1907ல வெளியிட்டார். வெள்ளை அரிசி சாப்பிட்ட 120 பேர்ல 36 பேருக்கு பெரிபெரி வந்து 18 பேர் இறந்துட்டாங்க. புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேர்ல 2 பேருக்குத்தான் இருந்துச்சு, அவங்களும் விடுதிக்கு வரும்போதே நோயோட வந்தவங்க. ஆக ஒரு பதப்படுத்தல் உயிரை எடுத்துச்சு, இன்னொரு பதப்படுத்தல் காப்பாத்துச்சு. பதப்படுத்தினாங்களா இல்லையான்னு கேக்குறதுல பெருசா பிரயோஜனம் இல்ல. அந்த தானியத்தோட கட்டமைப்பை என்ன பண்ணாங்க, எதை எடுத்தாங்க, எதை சேர்த்தாங்கன்னுதான் கேக்கணும்.

கட்டமைப்புன்னு ஏன் சொல்றேன்னா, சத்துங்கிறது ஒரு உணவுக்குள்ள எவ்வளவு இருக்குங்கிறது மட்டும் இல்ல, அது எப்படி அடைபட்டு இருக்குங்கிறதும்தான். தாவரத்தோட ஒவ்வொரு செல்லும் மூடி போட்ட டப்பா மாதிரி, மாவுச்சத்தும் எண்ணெயும் உள்ள, நார்ச்சத்துல செஞ்ச சுவர் வெளிய. நாம மென்னு, வயிறு கரைச்சு, அந்த சுவரை உடைச்சாதான் உள்ள இருக்கிறது வெளிய வரும், சிலது உடையாமலே வெளிய போயிடும். பாதாம் நல்ல உதாரணம். 28 கிராம் பாதாம்ல 170 கலோரின்னு கணக்கு போட்டு வச்சிருந்தாங்க, அமெரிக்க வேளாண்துறை விஞ்ஞானிங்க ஆட்களுக்கு சாப்பிடக் கொடுத்து அளந்து பார்த்தப்போ உடம்புக்கு கிடைச்சது 129 கலோரிதான். வேர்க்கடலையும் அப்படித்தான், முழுசா மென்னு சாப்பிட்டா அதுல உள்ள கொழுப்புல ஒரு பங்கு செரிக்காம போயிடும், அதையே பேஸ்ட்டா அரைச்சுட்டா அப்படி போறது ரொம்ப குறைஞ்சுடும்.

1977ல இங்கிலாந்துல ஆப்பிளை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. பத்து பேருக்கு முழு ஆப்பிள், கூழாக்கின ஆப்பிள், நார் இல்லாத ஆப்பிள் ஜூஸ், மூணுலயும் ஒரே அளவு, 60 கிராம் கார்போஹைட்ரேட் கணக்குல. ஜூஸை முழு ஆப்பிளை விட 11 மடங்கு வேகமா குடிச்சு முடிச்சாங்க, வயிறு நிறைஞ்ச உணர்வும் ஜூஸ்லதான் ரொம்ப கம்மி. ரத்தத்துல இன்சுலின் ஜூஸ்க்கு அப்புறம் அதிகமா ஏறுச்சு, அதுக்கப்புறம் சர்க்கரை அளவு சட்டுன்னு கீழ இறங்கிடுச்சு. கூழ் ரெண்டுக்கும் நடுவுல. இத்தனைக்கும் கூழ்ல நார்ச்சத்து முழுசா அப்படியே இருந்துச்சு, உடைஞ்சு மட்டும்தான் போயிருந்துச்சு. அதனால நார்ச்சத்து சேர்க்கப்பட்டதுன்னு ஒரு பாக்கெட்ல போட்டிருந்தா அதை முழு தானியத்துக்கு சமமா நினைச்சுக்காதீங்க. ஓட்ஸ்லயே தட்டையா அமுக்கின சாதா ஓட்ஸ்க்கு கிளைசெமிக் இண்டெக்ஸ் (ஒரு உணவு ரத்தத்துல சர்க்கரையை எவ்வளவு ஏத்தும்ங்கிற அளவுகோல்) சுமார் 55, சுடுதண்ணி ஊத்தினா ரெடி ஆகுற இன்ஸ்டன்ட் ஓட்ஸ்க்கு சுமார் 79. ரெண்டுமே ஓட்ஸ்தான்.

எப்படி பதப்படுத்துறாங்கங்கிறதை வச்சு உணவை நாலு வகையா பிரிச்சவர் பிரேசில்ல சாவோ பாலோ பல்கலைக்கழகத்தோட கார்லோஸ் மோன்டெய்ரோ, 2009ல. நோவான்னு பேரு. அரிசி, பருப்பு, காய், பால், முட்டை, மீன் எல்லாம் ஒரு பக்கம். எண்ணெய், வெண்ணெய், வெல்லம், உப்பு மாதிரி சமைக்கிறதுக்கு சேர்க்கிற பொருள் இன்னொரு பக்கம் (நாட்டுச் சர்க்கரையும் இங்கதான் வரும், அது சர்க்கரைதான்). இதை எல்லாம் சேர்த்து செய்ற ஊறுகாய், கருவாடு, பன்னீர் மாதிரி உணவு மூணாவது. நாலாவதுதான் நாம கவனிக்க வேண்டியது, அல்ட்ரா ப்ராசஸ்டு. தானியத்தை மாவுச்சத்து, புரதம், எண்ணெய்னு தனித்தனியா பிரிச்சு எடுத்து, நம்ம சமையலறையில இருக்கவே இருக்காத பொருட்களோட மறுபடி ஒட்டி, நிறம் மணம் ருசி எல்லாம் வெளிய இருந்து சேர்த்து செய்யுறது.

இந்த நாலாவது வகை உடம்பை என்ன பண்ணுதுன்னு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால் குழு சோதிச்சு 2019ல வெளியிட்டாங்க. 20 பேரை ஆஸ்பத்திரியிலயே தங்க வச்சு ரெண்டு வாரம் அல்ட்ரா ப்ராசஸ்டு, ரெண்டு வாரம் சாதாரண உணவு. தட்டுல வச்ச கலோரி, சர்க்கரை, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ரெண்டுலயும் சமமா இருக்கிற மாதிரி பார்த்துக்கிட்டாங்க, வேணுங்கிற அளவு சாப்பிடலாம், கட்டாயம் இல்ல. அல்ட்ரா ப்ராசஸ்டு கொடுத்தப்போ ஒரு நாளைக்கு சுமார் 500 கலோரி அதிகமா சாப்பிட்டாங்க, ரெண்டே வாரத்துல 0.9 கிலோ ஏறுச்சு. சாதாரண உணவுல அதே 0.9 கிலோ குறைஞ்சுது. மெத்துனு இருக்கிற உணவை வேகமா சாப்பிட்டாங்க, போதும்ங்கிற சிக்னல் மூளைக்கு போறதுக்குள்ள தட்டு காலி ஆகிடுதுங்கிறது இதுக்கு ஒரு முக்கியமான விளக்கம். டயட்ல இருக்க முடியாம தோத்துட்டேன்னு தன்னைத்தானே திட்டிக்கிற எத்தனையோ பேர் இதை தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்படுறேன், மனசுல உறுதி இல்லாதது மட்டும் காரணம் இல்லங்க.

சரி, கடையில நின்னு எப்படி கண்டுபிடிக்கிறது? முன்பக்கத்தை பாக்காதீங்க, திருப்புங்க. நம்ம நாட்டு சட்டப்படி சேர்க்கப்பட்ட பொருட்களை எடை அதிகமா இருக்கிறதுல இருந்து குறைவானது வரைக்கும் வரிசையா போடணும். ராகின்னு பேரு போட்டு வித்தா ராகி எத்தனை சதவீதம்னும் போடணும். ராகி பிஸ்கட்டை திருப்பிப் பாருங்க, பல பாக்கெட்ல முதல் இடத்துல கோதுமை மாவுன்னு இருக்கும், சுத்திகரிச்ச கோதுமை மாவுன்னா அது மைதாதான், அப்புறம் சர்க்கரை, பாமாயில், அதுக்கப்புறம்தான் ராகி.

இதுல ஒரு சுலபமான வழி இருக்கு, உப்பை தேடுங்க. பிஸ்கட்ல உப்பு பொதுவா ஒண்ணு ரெண்டு சதவீதத்தை தாண்டாது. அதனால பட்டியல்ல உப்புக்கு பின்னாடி வர்ற தேன், பாதாம், பழம் எதுவா இருந்தாலும் அது ஒரு சிட்டிகைதான், அட்டையில எவ்வளவு பெரிய படம் போட்டிருந்தாலும். அடுத்தது சர்க்கரை. சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ்னு நாலா பிரிச்சு போட்டா ஒவ்வொண்ணும் வரிசையில கீழ போயிடும், கூட்டிப் பார்த்தா முதல் இடத்துக்கே வந்திருக்கும். மாவுச்சத்தை உடைச்சு செய்யுற மால்டோடெக்ஸ்ட்ரின் பேருல இனிப்பே இருக்காது, ரத்தத்துல சர்க்கரையை ஏத்துறதுல அது குளுக்கோஸுக்கு பக்கத்துல நிக்கும். அதனால அதை பட்டியல்லதான் தேடணும், மத்த சர்க்கரைக்கு சத்து அட்டவணையில சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவுன்னு பாருங்க, ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுங்கிறது உலக சுகாதார நிறுவனம் சொல்றது. சோடியத்தை 2.5ஆல பெருக்கினா உப்பு அளவு வந்துரும், 800 மில்லிகிராம் சோடியம்னா 2 கிராம் உப்பு, நாள் முழுக்கவே 5 கிராமுக்குள்ளதான் இருக்கணும்.

பட்டியல்ல சேர்க்கைப் பொருட்களுக்கு போடுற ஐஎன்எஸ் நம்பரை பார்த்ததும் விஷம்னு வாட்ஸ்அப்ல பரப்பாதீங்க தயவுசெஞ்சு. 330 எலுமிச்சையில இருக்கிற சிட்ரிக் அமிலம், 300 வைட்டமின் சி, 500 நம்ம வீட்டு சமையல் சோடா. நம்பர் ஆபத்தை சொல்றது இல்ல. ஆனா 471 மாதிரி எமல்சிஃபையரும் (எண்ணெயும் தண்ணியும் பிரியாம பிடிச்சு வைக்கிற பொருள்), 635 மாதிரி ருசி கூட்டியும், கூடவே செயற்கை மணமும் சேர்ந்து வந்தா அது நாலாவது வகைங்கிறதுக்கு அடையாளம். 466, 433 மாதிரி சில எமல்சிஃபையர்கள் எலிகளோட குடல்ல இருக்கிற சளிப்படலத்தை கெடுத்து அழற்சியை உண்டாக்கினதை 2015ல காட்டினாங்க, மனுஷங்ககிட்ட இன்னும் ஆராய்ச்சி நடந்துட்டு இருக்கு.

நாலாவது வகைக்குள்ளயும் எல்லாம் ஒண்ணு இல்ல. நோய் ஆபத்தோட அதிகமா தொடர்பு காட்டுறது இனிப்பு குளிர்பானமும் சாசேஜ் மாதிரி பதப்படுத்தின இறைச்சியும்தான், முழு கோதுமை பிரெட்டை அதே தராசுல வைக்க முடியாது. முதல்ல எதையாவது நிறுத்தணும்னா குளிர்பானத்தை நிறுத்துங்க. வேலைக்கு போயிட்டு வந்து ராத்திரி மாவு ஆட்ட முடியலன்னு குற்ற உணர்ச்சியோட கடை மாவு வாங்குறவங்க அந்த பாக்கெட்டையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்க, அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு, தண்ணின்னு மட்டும் இருந்தா தாராளமா வாங்குங்க, அது உங்க வீட்ல ஆட்டின மாவேதான். இட்லி சீக்கிரம் செரிச்சு சுகரை ஏத்தும்ங்கிறதும் உண்மைதான், ரெண்டு இட்லியை குறைச்சுட்டு காய் நிறைய போட்ட சாம்பாரும் ஒரு கிண்ணம் சுண்டலும் வச்சுக்கோங்க.