பைலா: யார் போட்ட விதி, எதுவரை?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒருவர் 'பைலா' என்றால் மாநகராட்சி போட்ட சட்டத்தைச் சொல்கிறார். கோயில் ஒலிபெருக்கி, நடைபாதைக் கடை, வீட்டுக்குப் பின்னால் எழுப்பிய அறை, வளர்க்கும் நாய் எல்லாம் அதற்குள் வரும். சென்னையிலிருந்து அண்மையில் வந்தவருக்கோ அது சங்கத்தின் விதிப்புத்தகம்: பொதுக்குழு எப்போது கூடும், காசோலையில் யார் யார் கையெழுத்திட வேண்டும். இலங்கைத் தமிழருக்குப் பைலா என்றால் ஆட்டமும் பாட்டும்தான். அது போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல், இதற்கு உறவில்லை.

நம் பைலா (by-law) ஆங்கிலம் வழியே வந்தது. ஆங்கிலத்துக்குள் அது நுழைந்தது வடகடல் தாண்டி வந்து குடியேறியவர்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து. அம்மொழியில் 'பீ' என்றால் குடியிருப்பு, ஊர். கிரிம்ஸ்பி, விட்பி, டெர்பி என்ற இங்கிலாந்து ஊர்ப்பெயர்களின் வாலில் இருப்பதும் அதுதான். ஆக, முதற்பொருள் ஊர்ச்சட்டம். பின்னாளில் அந்த முன்பாதி 'பக்கத்தில் நிற்பது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லோடு குழம்பிப்போனது. நாம் 'துணைவிதி', 'உபவிதி' என்று தமிழாக்கியது அந்தக் குழப்பத்துக்குப் பிந்திய பொருளை.

சங்கத்துக்கும் கூட்டுறவுக்கும் துணைவிதி பொருந்தும். மேலே ஒரு சட்டம் இருக்கிறது, அதன் நிழலில்தான் அந்த விதி நிற்கிறது. தென்னாப்பிரிக்க மாநகராட்சிக்கு அது பொருந்தாது. 1990களில் புதிய அரசியலமைப்பு வருவதற்கு முன் நகராட்சிகள் மேலிருந்து கொடுத்த அதிகாரத்தைத்தான் கையாண்டன. இப்போது அவற்றின் சட்டமியற்றும் அதிகாரம் அரசியலமைப்பிலிருந்தே நேராக வருகிறது. அரசியலமைப்பு நீதிமன்றம் 1998இல் ஃபெட்ஷ்யூர் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. நகராட்சி மன்றம் வரி விதிப்பது அலுவலக நடவடிக்கை அன்று, மக்கள் தேர்ந்தெடுத்த அவை செய்யும் சட்டமியற்றல் என்றது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு: சட்டம் கொடுத்த அதிகாரத்துக்கு அப்பால் எந்த மன்றமும் ஓர் அடி வைக்க முடியாது.

அதனால் இந்நாட்டுப் பைலாவுக்கு 'மாமன்றச் சட்டம்' என்பதே சரியான சொல் என்பது எங்கள் கருத்து. யார் இயற்றியது என்பது பெயரிலேயே இருக்கிறது. 'உள்ளாட்சிச் சட்டம்' என்றால் உள்ளாட்சிகளைப் பற்றி நாடாளுமன்றம் இயற்றியது என்று படிப்பவர் நினைத்துவிடுவார். பழஞ்சொல் தேடுவோர் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் ஊர்ச்சபை தன் உறுப்பினர் தேர்வுக்கு வகுத்த விதிக்கு அங்கே 'வியவஸ்தை' என்று பெயர். இன்று அது 'விவஸ்தை கெட்டவன்' என்ற வசவில்தான் உயிரோடு இருக்கிறது. சட்டத்துக்கு மீட்டெடுக்க முடியாது.

மாமன்றம் எதன்மேல் சட்டம் போடலாம் என்பதற்கு அரசியலமைப்பின் 4ஆம், 5ஆம் அட்டவணைகளின் 'பி' பகுதிகளைப் பார்க்க வேண்டும். கட்டட ஒழுங்கு, ஒலி மாசு, தெரு வணிகம், இடுகாடு, தகன மேடை, கடற்கரை, பொதுத்தொல்லை ஆகியவை அங்கே இருக்கின்றன. பட்டியலிலும் இல்லை, வேறு சட்டம் ஒப்படைக்கவும் இல்லை என்றால் அதில் மாமன்றத்துக்குக் கையில்லை. நாட்டுச் சட்டத்தோடோ மாகாணச் சட்டத்தோடோ முரண்படும் பைலா பொதுவாகச் செல்லாது. இயற்றும் வேலையை ஓர் அதிகாரியிடமோ குழுவிடமோ ஒப்படைக்கவும் முடியாது. மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையோர் மன்றத்தில் ஆதரித்து வாக்களிக்க வேண்டும். அதற்கு முன் வரைவை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டிருக்க வேண்டும். நிறைவேறிய பின்னும் மாகாண அரசிதழில் வரும்வரை அதை யார்மீதும் ஏவ முடியாது.

இந்த வரம்புகள் எதற்கு என்று டர்பன் இருக்கும் நேட்டால் பகுதித் தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1897ஆம் ஆண்டின் 18ஆம் சட்டம் கடை உரிமம் தரும் முடிவை நகரமன்றம் நியமித்த அதிகாரியிடம் விட்டது. கணக்கை ஆங்கிலத்தில் வைக்க முடியாதவருக்கு மறுக்கலாம், இடம் சுகாதாரமில்லை என்று மறுக்கலாம். குறி இந்தியக் கடைக்காரர்கள்தான், ஆனால் 'இந்தியர்' என்ற சொல்லே சட்டத்தில் கிடையாது. மேல்முறையீடு அதே நகரமன்றத்திடம். உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் வழி அடைக்கப்பட்டிருந்தது. அந்த மன்றங்களில் இருந்தவர்களில் பலர் போட்டிக் கடைக்காரர்கள். 1909இல்தான், அதுவும் உரிமம் புதுப்பிக்க மறுத்தால் மட்டும், நீதிமன்றக் கதவு கொஞ்சம் திறந்தது.

இன்று கதவு திறந்திருக்கிறது, ஆனால் தவணை ஓடும். உங்கள் விண்ணப்பத்தை மறுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் மாநகராட்சி மேலாளருக்கு எழுத்தில் மேல்முறையீடு கொடுக்க வேண்டும். இது 2000ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புகள் சட்டம், 62ஆம் பிரிவு. காரணம் சொல்லவில்லையா? நிர்வாக நீதிச் சட்டப்படி 90 நாளுக்குள் காரணம் கேட்டு எழுதுங்கள்; பதில் தர அவர்களுக்கும் 90 நாள். நீதிமன்ற மறு ஆய்வுக்கு வீணாகத் தாமதிக்காமல் போக வேண்டும், உச்சவரம்பு 180 நாள். நம்மவர்கள் வழுக்குவது முதற்படியில். கவுன்சிலரிடம் வாயால் முறையிட்டுவிட்டுக் காத்திருப்பார்கள், 21 நாள் போய்விடும். பிறகு நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்வி, 'மாநகராட்சிக்குள்ளேயே மேல்முறையீடு செய்தீர்களா?'

அபராதச் சீட்டு வேறு கதை. திருவிழா இரவில் ஒலிக்காகச் சீட்டு எழுதினால் அதில் எந்தப் பைலா, எந்தப் பிரிவு என்று இருக்கிறதா என்று பாருங்கள். பைலாவின் படியைப் பொதுமக்கள் பார்க்கக் கிடைக்கச் செய்வது மாநகராட்சியின் கடமை. கேட்டு வாங்கிப் பிரிவைச் சரிபாருங்கள். தொல்லை தீரட்டும் என்று பணத்தைக் கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே கணக்கு. மறுப்பதானால் சீட்டிலுள்ள நீதிமன்றத் தேதிக்கு முன்பே அரசு வழக்குரைஞர் அலுவலகத்துக்கு எழுதலாம். அவர்கள் விலக்கிக்கொள்ளாவிட்டால் அந்தத் தேதியில் போய் நிற்க வேண்டும். போகாமலிருந்தால் பிடியாணை வரும்.

பள்ளியின் நடத்தை விதியைப் பைலா என்று யாரும் சொல்வதில்லை, ஆனாலும் வரம்பு அதற்கும் உண்டு. டர்பன் பெண்கள் உயர்நிலைப்பள்ளி மாணவி ஒருத்தியின் மூக்குத்தியைப் பள்ளி தடுத்தது பற்றிய வழக்கு 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் முடிந்தது. பெண் வயதுக்கு வந்ததும் மூக்குக் குத்துவதும், பதினாறாம் பிறந்தநாளில் பாட்டி தங்க மூக்குத்தியை மாற்றி வைர மூக்குத்தி போடுவதும் குடும்ப வழக்கம் என்று தாய் சொன்னார். மதம் கட்டாயப்படுத்தவில்லையே என்ற வாதம் எடுபடவில்லை: விரும்பிப் பின்பற்றும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். சீருடை விதியை அது ரத்து செய்யவில்லை. மத, பண்பாட்டுக் காரணங்களுக்காக விலக்குக் கேட்கவும் தரவும் ஒரு நடைமுறையை விதிக்குள் சேர்க்கச் சொன்னது. இப்படி ஒரு சிக்கல் வந்தால் வகுப்பாசிரியரோடு வாதாடுவதைவிட, வழக்கம் என்ன, எத்தனை நாள் அணிய வேண்டும் என்று எழுதிப் பள்ளி ஆட்சிக்குழுவிடம் விலக்குக் கேட்பதுதான் முறை. கடிதத்தின் படி ஒன்றைத் தேதியோடு கையில் வைத்துக்கொள்ளுங்கள்.