துளசி விதையை ஏன் புதைக்கக் கூடாது

முதல் முறை துளசி விதை போட்டபோது அவரை விதை ஊன்றுவதுபோலவே ஊன்றினேன். தொட்டி மண்ணில் விரலால் குழி, குழிக்கு நாலைந்து விதை, மேலே மண், அப்புறம் தண்ணீர். 20 நாள் ஆகியும் ஒரு முளைகூடத் தலைகாட்டவில்லை. அதே நாட்களில் துளசி மாடத்தின் அடியில், சிமெண்ட் விரிசலில், யாரும் விதைக்காமல் ஏழெட்டுக் கன்றுகள் முளைத்து நின்றன. அந்த விரிசலில் இருந்ததெல்லாம் ஒரு சிட்டிகைத் தூசி, மாடத்துக்கு ஊற்றும் தண்ணீரின் கசிவு, பகல் முழுக்க வெளிச்சம். தொட்டியில் செம்மண், மணல், மண்புழு உரம் எல்லாம் இருந்தன. வெளிச்சம் மட்டும் விதைக்குப் போய்ச் சேரவில்லை.

இது ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள விதையை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். துளசி, புதினாவின் குடும்பம். தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள், நான்கு பட்டை தெரியும். கதிரில் பூக்கள் அடுக்கடுக்காக, பெரும்பாலும் அடுக்குக்கு 6 என்ற கணக்கில் வரும். ஒவ்வொரு பூவும் உதிர்ந்த பிறகு அடியில் ஒரு சின்னக் கிண்ணம் மிஞ்சும். அதற்குள் 4 மணிகள். விதை என்று நாம் சொல்வது இந்த மணியைத்தான். தாவரவியல் கணக்கில் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கனியின் கால்பங்கு; உண்மையான விதை அதன் ஓட்டுக்குள் இருக்கிறது. நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஒரு கிராம் எடையில் சில ஆயிரம் விதைகள் அடங்கும்.

இவ்வளவு சிறிய விதைக்குள் எவ்வளவு சாப்பாடு இருக்க முடியும்? அவரை விதை பெரிய கட்டுச்சோற்று மூட்டையோடு பயணம் கிளம்புவது. ஓரங்குல ஆழத்தில் போட்டாலும் மண்ணை முட்டிக்கொண்டு மேலே வரும்வரை அதற்குத் தீனி உண்டு. துளசி விதையிடம் இருப்பது ஒரு வாய்ச் சோறு. சில மில்லிமீட்டர் வளர்வதற்குள் தீர்ந்துவிடும். அதற்குள் இலை வெளிச்சத்தைத் தொட்டாக வேண்டும், இல்லையென்றால் இருட்டிலேயே மடிய வேண்டியதுதான். அதனால், முளைப்பதற்கு முன்பே “நான் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறேன்?” என்று தெரிந்துகொள்ளும் வழி இப்படிப்பட்ட சின்ன விதைகளுக்கு வேண்டும். மண்ணுக்குள் வெளிச்சம் சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. ஆக, வெளிச்சம் படுகிறதா இல்லையா என்பதே ஆழம் அளக்கும் கோல்.

அந்தக் கோலின் பெயர் ஃபைட்டோகுரோம். அதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1952-இல் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் ஹாரி போர்த்விக், ஸ்டெர்லிங் ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் ஈரமான லெட்யூஸ் கீரை விதைகளின்மேல் விதவிதமான நிற ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். 660 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட சிவப்பு ஒளி கொஞ்ச நேரம் பட்டால் விதைகள் முளைத்தன. உடனே 730 நானோமீட்டர் வாக்கில் இருக்கும், நம் கண்ணுக்கு மங்கலாகவே தெரியும் தொலைசிவப்பு ஒளியைக் காட்டினால் முளைப்பு நின்றுபோனது. மறுபடி சிவப்பு, மறுபடி தொலைசிவப்பு என்று எத்தனை முறை மாற்றினாலும், கடைசியாகப் பட்டது எதுவோ அதன் பேச்சைத்தான் விதை கேட்டது. விதைக்குள் ஒரு நிறமி சுவிட்சைப்போல இருந்துகொண்டு, சிவப்பில் ஒரு வடிவத்துக்கும் தொலைசிவப்பில் இன்னொரு வடிவத்துக்கும் மாறுகிறது என்று அதிலிருந்து ஊகித்தார்கள். சில ஆண்டுகளில் நிறமியும் கையில் கிடைத்தது.

சுவிட்ச் போடப்பட்டதும் விதைக்குள் ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோன் கூடும். தூங்க வைக்கும் அப்சிசிக் அமிலம் குறையும். முளைவேருக்கு எதிரே இருக்கும் திசு இளகி வழிவிடும். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விட்டுவிடுகிறது. அதனால் அடர்ந்த செடியின் நிழலில் கிடக்கும் விதைக்கு “மேலே இடமில்லை, பொறு” என்ற செய்தி போகும். தாய்ச்செடியைக் கத்தரித்துவிட்ட சில நாளில் அடியில் புதுக் கன்றுகள் புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் திறந்துவிட்டதும் அதற்கு ஒரு காரணம்.

ஆக, விதை மண்ணின்மேல் கிடக்க வேண்டும். மேலே கிடந்தால் காய்ந்துபோகாதா என்ற கவலை நியாயமானது. செடி அதற்கும் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. விதை ஈரம் பட்டதும் ஓட்டின் வெளிச்செல்கள் ஒரு வழுவழுப்பான பசையைக் கக்கும். நன்னாரி சர்பத்தில் போடும் சப்ஜா விதை தவளை முட்டைபோல உப்புகிறதே, அதே வேலைதான். சப்ஜாவில் தடிமனாகத் தெரியும், துளசியில் மெல்லிய உறையாகவே இருக்கும். இந்தப் பசை ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, விதையை மண்ணோடு ஒட்டியும் வைக்கிறது. தூறலில் அடித்துப் போகாமல் நிற்பது இதனால்தான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. சப்ஜா என்பது துளசி விதை அல்ல, திருநீற்றுப்பச்சிலையின் விதை. குடும்பமும் பேரினமும் ஒன்று, இனம் வேறு. கடையில் சப்ஜா வாங்கி விதைத்துவிட்டு, வந்த செடி துளசிபோல இல்லையே என்று ஏமாந்தவர்கள் பலர். துளசியின் அறிவியல் பெயர் ஓசிமம் டெனூயிஃப்ளோரம். லின்னேயஸ் 1753-இல் வைத்த பெயர், மெல்லிய பூக்களை உடையது என்று பொருள். 1767-இல் அவரே இதே செடிக்கு ஓசிமம் சாங்டம், அதாவது புனிதமானது, என்றும் பெயர் வைத்தார். முந்தைய பெயருக்கே முன்னுரிமை என்பது விதி, அதனால் பழைய புத்தகங்களில்தான் சாங்டம் அதிகம் தென்படும். பச்சை ராமதுளசியும் கருந்தண்டுக் கிருஷ்ணதுளசியும் இந்த ஒரே இனம்தான். கருமை ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். கிருஷ்ணதுளசியின் விதையிலிருந்து பச்சைக் கன்று வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

விதைக்கும் முறை இதிலிருந்தே வந்துவிடும். விதையை ராத்திரி ஊறவைக்கச் சொல்வார்கள். துளசிக்கு அது வேண்டாம். பசை கக்கி விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. உலர்ந்த விதையை நாலு பங்கு உலர்ந்த மணலோடு கலந்தால் சீராகத் தூவ வரும். தென்னை நார்க்கழிவும் சலித்த மண்புழு உரமும் சமமாகக் கலந்து, அகலமான தட்டிலோ குழித்தட்டிலோ நிரப்பி, முதலிலேயே நன்றாக நனைத்துவிடுங்கள். அதன்மேல் விதை மணலைத் தூவி, உள்ளங்கையால் மெதுவாக அழுத்த வேண்டும். அழுத்துவது முக்கியம். விதையும் மண்ணும் ஒட்டினால்தான் அடியிலிருக்கும் ஈரம் விதைக்கு ஏறும். மேலே மண் போடாதீர்கள். மனசு கேட்கவில்லையென்றால் மெல்லிய மணலை ஒரு விதைக் கனத்துக்கு மட்டும் தூவலாம், வெளிச்சம் அதற்குள் நுழைந்துவிடும்.

பூவாளியால் ஊற்றினால் விதைகள் மூலையில் குவியும். தட்டைத் தண்ணீரில் வைத்து, அடியிலிருந்து உறிஞ்சவிடுவது நல்லது. மேலே கண்ணாடியோ தெளிவான பிளாஸ்டிக்கோ மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைக்கலாம். மூடியோடு வெயிலில் வைத்தால் உள்ளே வெந்துவிடும்.

துளசிக்குப் பிடித்த சூடு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ். தமிழ்நாட்டில் ஆண்டின் பெரும்பகுதி அது தானாகவே கிடைக்கிறது. மார்கழிக் குளிரில் முளைப்பு தள்ளிப்போகும். சித்திரையில் மேல்மண் மணிக்கணக்கில் காய்ந்துவிடும். ஐப்பசி மழை விதையை அழுக வைக்கும். என் கையில் நன்றாக வந்தது மாசியிலும் ஆடி கடைசியிலும். 7 முதல் 14 நாளுக்குள் முளைவேர் வெளியே வரும். நல்ல விதையாக இருந்தாலும் எல்லாம் ஒரே நாளில் முளைக்காது. தட்டைச் சீக்கிரம் கவிழ்த்துவிடாதீர்கள்.

முதலில் வருபவை வித்திலைகள் இரண்டு. அரைவட்டமாக, ஓரம் வெட்டில்லாமல் இருக்கும், துளசி இலைபோலவே இருக்காது. இதைக் களை என்று நினைத்துப் பிடுங்கிவிடுவது உண்டு. அடுத்த ஜோடியில்தான் ரம்பம்போன்ற ஓரம் தெரியும். அதற்குள் பத்துப் பதினைந்து நாள் எதுவுமே நடக்காததுபோல் இருக்கும், செடி அப்போது வேருக்குத்தான் செலவழிக்கிறது.

கன்றுகள் அதிகம் சாவது இந்தக் கட்டத்தில். காலையில் நன்றாக நின்ற கன்று மாலையில் அடித்தண்டு நூலாகி மடங்கிக் கிடக்கும். இது நாற்றழுகல். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற நுண்ணுயிர்கள் ஈரம் தேங்கிய, காற்றோட்டமில்லாத மண்ணில் பெருகி இளந்தண்டைத் தின்கின்றன. விழுந்த கன்றைக் காப்பாற்ற முடியாது. முதல் முளைகள் வந்ததுமே மூடியை எடுத்துவிடுவதும், நெருக்கத்தைக் கலைப்பதும், மேல்மண் லேசாகக் காய்ந்த பிறகே தண்ணீர் வைப்பதும் மற்றவற்றைக் காக்கும். ஈரம் வேண்டும் வேண்டும் என்று கேட்ட விதைதான், முளைத்த மறுநாளே ஈரம் மிகுந்தால் சாகிறது. இந்த மாற்றத்தைச் சரியான நாளில் செய்தாலே பெரும்பாலான கன்றுகள் பிழைத்துவிடும்.

கன்று நெட்டையாக வெளிறி ஓடினால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். முளைக்கச் சொன்ன அதே ஃபைட்டோகுரோம்தான் இப்போது “நிழலில் இருக்கிறாய், உயர்ந்து தப்பித்துக்கொள்” என்று தண்டை நீட்டுகிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் அடுத்து வரும் கணுக்கள் குட்டையாகும். தினமும் ஒருமுறை உள்ளங்கையால் கன்றுகளின் தலையை மெல்லத் தடவிக் கொடுக்கலாம். காற்றில் ஆடும் செடி தண்டைக் குட்டையாக, தடிமனாக வளர்த்துக்கொள்ளும். நம் கையும் அதற்குக் காற்றுதான்.

இரண்டு மூன்று ஜோடி நிஜ இலை வந்ததும், மாலை வேளையில், வேர்மண்ணோடு 8 அங்குலத் தொட்டிக்கு மாற்றலாம். ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலைக் காட்டி, அப்புறம் முழு வெயில். தொட்டியில் வடிகால் ஓட்டை கட்டாயம் வேண்டும்.

இந்தப் பருவத்தில் இலையை நுனிவிரலால் தேய்த்து முகர்ந்து பாருங்கள். இலையின் மேல்தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் குட்டிக் குமிழிகளாகப் பதிந்திருக்கின்றன. தேய்த்தால் உடையும், வாசம் எழும். பல துளசிகளில் முக்கிய எண்ணெய் யூஜினால், கிராம்புக்கு அந்தக் காரத்தைத் தருவதும் இதே பொருள்தான். செடி இதைச் செய்து வைத்திருப்பது பூச்சிகளிடமிருந்து தற்காத்துக்கொள்ளவே. துளசி ஓசோன் வெளியிடுகிறது, இரவிலும் ஆக்சிஜன் தருகிறது என்று சுற்றும் செய்திகளில் உண்மை இல்லை. எந்தப் பச்சைச் செடியையும்போல அதுவும் வெளிச்சத்தில்தான் ஆக்சிஜன் வெளியிடும். இவ்வளவு உண்மையான சிறப்புள்ள செடிக்குப் பொய்ப் பெருமை சூட்டுவது எனக்கு வருத்தம் தருகிறது.

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். நுனிமொட்டு ஆக்சின் என்ற ஹார்மோனைக் கீழே அனுப்பிப் பக்கமொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. நுனி போனால் கணுவுக்கு இரண்டு கிளை புறப்படும். கதிர் வர வர கிள்ளினால் இலை பெருகும். விதை முற்றவிட்டால் செடியின் சத்து அங்கே போய், இலை சிறுத்துத் தண்டு கட்டைதட்டும்.

ஆனாலும் அடுத்த தலைமுறைக்கு இரண்டு கதிரையாவது விட்டுவைக்க வேண்டும். பூ அடியிலிருந்து மேலே மலர்ந்துகொண்டே போகும், அதனால் நுனியில் பூ இருக்கும்போதே அடியில் விதை முற்றியிருக்கும். முக்கால்வாசிக் கதிர் பழுப்பானதும் ஒரு காகித உறையைக் கவிழ்த்து அதற்குள்ளேயே வெட்டுங்கள். திறந்த கையால் வெட்டினால் பாதி விதை மாடத்தடிக்குப் போய்விடும். கோயிலில் தரும் துளசியிலும் சில நேரம் பழுப்புக் கதிர் இருக்கும், அதுவும் முளைக்கும். பச்சைக் கதிரின் விதை முற்றியிருக்காது. நிழலில் ஒரு வாரம் காயவைத்து, உள்ளங்கைகளுக்கிடையே கசக்கி, ஒரு தட்டில் கொட்டி மெல்ல ஊதினால் உமி பறந்து கரும்பழுப்பு மணிகள் மட்டும் தங்கும். காகிதத்தில் மடித்து, தேதி எழுதி, ஈரம் புகாத டப்பாவில் வையுங்கள்.