பப்மெட்ல வரலைன்னா "இல்ல"ன்னு எழுதிடாதீங்க

தீசிஸ் சீசன் வந்துட்டா மெடிக்கல் காலேஜ் லைப்ரரியில வேலை பாக்குற எங்க எல்லாருக்கும் காதுல விழுந்துட்டே இருக்குற ஒரு வாக்கியம் இருக்கு, "மேடம், இந்த டாபிக்ல லிட்டரேச்சரே இல்ல". எப்படிப்பா தேடுனேன்னு கேட்டா, மருத்துவக் கட்டுரைங்களை நெட்ல இலவசமா தேடுற டேட்டாபேஸ் பப்மெட், அதுல ரெண்டு வார்த்தை அடிச்சிருப்பாங்க, முதல் பக்கத்துல வந்த பத்தைப் பாத்திருப்பாங்க, அவ்ளோதான். அதை நம்பி தீசிஸ்ல "இதுவரை இது பற்றி யாரும் ஆய்வு செய்யவில்லை"ன்னு ஒரு வரியும் போட்டுடறாங்க, கைடும் கையெழுத்து போட்டுடறார். தீசிஸோட போனா கூட பரவால்லன்னு விட்டுடலாம், இதே பழக்கத்தோட நாளைக்கு ஒரு மருந்தைப் பத்தி, ஒரு பேஷண்டைப் பத்தி முடிவு எடுக்கப் போறாங்கன்றது தான் எனக்குக் கவலை.

2001-ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல நடந்ததை நான் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சொல்றேன். ஆஸ்துமா பத்தின ஒரு ஆராய்ச்சி, நல்ல ஆரோக்கியமா இருக்குறவங்க வாலண்டியரா வந்து ஹெக்ஸாமெத்தோனியம்ன்ற மருந்தை மூச்சு வழியா இழுக்கணும். அது 1950-கள்ல ரத்த அழுத்தத்துக்குக் குடுத்துட்டு இருந்து அப்புறம் வழக்கொழிஞ்சு போன மருந்து. 24 வயசு பொண்ணு ஒருத்தி, அங்கேயே வேலை பாக்குறவ, வாலண்டியரா வந்து மருந்தை இழுத்தா, நுரையீரல் கெட்டுப்போய் ஒரு மாசத்துக்குள்ள இறந்துட்டா. ஆராய்ச்சி பண்ணவங்க தேடாம எல்லாம் இல்ல, டெக்ஸ்ட்புக் பாத்திருக்காங்க, பப்மெட்லயும் தேடியிருக்காங்க. ஆனா அன்னைக்கு பப்மெட்ல கிடைச்சது 1966-ல இருந்து உள்ளது தான். அந்த மருந்து நுரையீரலை பாதிக்குதுன்னு சொன்ன கட்டுரைங்க எல்லாம் 1950-கள்ல வந்தவை, அதெல்லாம் பக்கத்துலயே ஷெல்ஃப்ல பிரிண்ட் புத்தகமா தான் இருந்துச்சு. அந்த வருஷம் ஜூலை மாசம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல அரசாங்கப் பணத்துல நடந்த மனித ஆராய்ச்சிங்களை எல்லாம் கொஞ்ச நாளைக்கு நிறுத்தியே வச்சாங்க.

அந்த 1966 எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிக்கணும்னா இந்த டேட்டாபேஸ் எப்படி வளந்துச்சுன்னு கொஞ்சம் பின்னாடி போய் பாக்கணும். அமெரிக்க ராணுவத்தோட சர்ஜன் ஜெனரல் லைப்ரரியைப் பாத்துக்கிட்ட ஜான் ஷா பில்லிங்ஸ்ன்றவர் 1879-ல இண்டெக்ஸ் மெடிக்கஸ்னு ஒண்ணை ஆரம்பிச்சார். எந்த ஜர்னல்ல எந்தக் கட்டுரை வந்திருக்குன்னு தலைப்பு வாரியா பிரிச்சு அச்சடிக்கிறது. அந்த லைப்ரரி தான் 1956-ல நேஷனல் லைப்ரரி ஆஃப் மெடிசின் ஆச்சு, இப்ப மேரிலாண்ட்ல பெத்தெஸ்டாவுல இருக்கு. 1960-ல மெஷ்னு தலைப்புப் பட்டியல் போட்டாங்க, 1964-ல மெட்லார்ஸ்னு கம்ப்யூட்டருக்கு மாத்துனாங்க. 2001-ல பப்மெட்ல இருந்தது இப்படி கம்ப்யூட்டர்ல ஏறுன 1966-க்கு அப்புறத்து பதிவுங்க தான், அதுக்கு முந்தினது அச்சுல தான் இருந்துச்சு. அதுல முதல் வேலையே இண்டெக்ஸ் மெடிக்கஸை சீக்கிரமா அச்சடிக்கிறது தான், தேடுறது கூடவே வந்த ஒரு வசதி.

அந்தத் தேடல் எப்படி நடந்துச்சு தெரியுமா, டாக்டர் தனக்கு என்ன வேணும்னு ஒரு ஃபார்ம்ல எழுதி அனுப்பணும், பயிற்சி எடுத்த ஒருத்தர் அதை மெஷ் தலைப்புங்களா மாத்தி ஃபார்முலா எழுதுவார், பல பேரோட கேள்விங்களைச் சேத்து ஒரே மொத்தமா காந்த டேப்ல ஓட்டுவாங்க, பிரிண்ட் அவுட் தபால்ல வந்து சேர வாரக்கணக்கா ஆகும். வந்ததைப் பாத்துட்டு ஐயோ நான் கேட்டது இது இல்லையேன்னு தோணுச்சுன்னா மறுபடி ஃபார்ம், மறுபடி வாரக்கணக்கு.

இந்த சிஸ்டம் எவ்ளோ நல்லா தேடுதுன்னு அவங்களே சோதிச்சுப் பாத்தாங்க பாருங்க, அது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். வில்ஃப்ரிட் லங்காஸ்டர்ன்றவர் 1966, 67-ல நிஜமாவே டாக்டருங்க கேட்ட சுமார் 300 தேடலை எடுத்து அலசி 1968-ல அறிக்கை குடுத்தார். சராசரியா பாத்தா, கிடைச்சிருக்க வேண்டிய கட்டுரைங்கள்ல சுமார் 58 சதவீதம் தான் வந்திருக்கு, வந்ததுலயும் பாதி தான் கேட்ட விஷயத்துக்குப் பொருத்தமானது. இதை நிறுத்தி நிதானமா யோசிச்சுப் பாருங்க. இதே வேலையா பயிற்சி எடுத்தவங்க மெனக்கெட்டு ஃபார்முலா எழுதித் தேடியே, டேப்புக்குள்ளயே இருந்த கட்டுரைங்கள்ல 100-க்கு 40-க்கு மேல தவறிப் போச்சு. ஏன் தவறுச்சுன்னு ஒவ்வொண்ணா பாத்தப்போ இண்டெக்ஸ் பண்ணவர் தலைப்பு குடுக்காம விட்டது சிலது, தேடுனவர் ஒரு வார்த்தையை விட்டது சிலது, கேட்டவரே தனக்கு என்ன வேணும்னு சரியா எழுதாதது சிலது. இந்த மூணுல கடைசி ரெண்டு இன்னைக்கும் அப்படியே இருக்கு, என்ன, அப்ப ரெண்டு பேர் பண்ண வேலையை இப்ப போன்ல கட்டைவிரலால ஒருத்தரே பண்றோம்.

1970-ல சுமார் நூறு ஜர்னலை மட்டும் வச்சு டெலிடைப் லைன்ல நேரடியா தேடுற மாதிரி ஒரு பரிசோதனை பண்ணாங்க, அது நல்லா போகவும் 1971 அக்டோபர்ல மெட்லார்ஸை லைன்லயே நேரடியா தேடுற மெட்லைன் வந்துச்சு. டெலிபோன் ரிசீவரை ஒரு பெட்டி மேல கவுத்து வச்சு, நொடிக்கு 30 எழுத்து வேகத்துல வெப்பத்தாள்ல பதில் அடிச்சு வரும். கனெக்ட் ஆகி இருக்குற நேரத்துக்குக் காசுன்றதால யாரும் டெர்மினல் முன்னாடி உக்காந்துட்டு யோசிக்க மாட்டாங்க. தேட வந்த டாக்டரை உக்கார வச்சு, குழந்தைங்களா பெரியவங்களா, மனுஷங்களா எலியா, எந்த வருஷத்துல இருந்து, உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச நல்ல கட்டுரை ஒண்ணு சொல்லுங்கன்னு எல்லாம் கேட்டு, காகிதத்துல முழு திட்டமும் எழுதி முடிச்சதுக்கு அப்புறம் தான் லைனை எடுப்பாங்க. அந்தக் காகிதம் போடுற பழக்கம் போனது பெரிய நஷ்டம்னு நான் மனசார நினைக்கிறேன்.

அப்புறம் 1986-ல கிரேட்ஃபுல் மெட்னு ஒரு சாஃப்ட்வேர், டாக்டரே தன் பிசியில இருந்து தேடலாம். 80-கள் கடைசியில சிடி-ராம் வந்துச்சு, நம்ம ஊர்ப் பக்கம் லைப்ரரியில பல பேர் மெட்லைனை முதல்ல பாத்தது அந்த வட்டுல தான். தபால்ல வரும், இந்த வருஷத்துக்கு ஒரு வட்டு, போன வருஷத்துக்கு வேற வட்டுன்னு இருக்கும், பத்து வருஷம் தேடணும்னா ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டு அதே தேடலைத் திரும்பத் திரும்ப ஓட்டணும், முடிவை ஃப்ளாப்பியில ஏத்திக்கணும். பாதி பேர் ரெண்டு மூணு வட்டோட களைச்சுப் போய் போதும்னு கிளம்பிடுவாங்க, அதனால "சமீபத்திய ஆய்வுகள்"னு தீசிஸ்ல வந்ததெல்லாம் அந்த ரெண்டு மூணு வட்டு தான். 1997 ஜூன்ல அமெரிக்கத் துணை ஜனாதிபதி அல் கோர் தொடங்கி வச்சு, மெட்லைனை நெட்ல தேடுற பப்மெட் உலகத்துக்கே இலவசமாச்சு.

இலவசமானதுல ஒரு விஷயம் எல்லாருக்கும் மறந்து போச்சு, உள்ள இருக்குற ஒவ்வொரு பதிவும் அது எந்த வருஷம் ஏறுச்சோ அந்த வருஷத்து விதிப்படி தான் இருக்கு. பழைய பதிவு சிலதைத் திறந்து ஆப்ஸ்ட்ராக்ட், அதாவது கட்டுரைச் சுருக்கத்தோட கடைசி வரியைப் பாருங்க, "ஆப்ஸ்ட்ராக்ட் ட்ரங்கேட்டட் அட் 250 வேர்ட்ஸ்"னு பெரிய எழுத்துல இருக்கும். இடத்தை மிச்சம் பண்ண அப்ப 250 வார்த்தைக்கு மேல போனா வெட்டிடுவாங்க, ஆப்ஸ்ட்ராக்ட்ல முடிவு எப்பவும் கடைசியில தானே வரும், அப்ப வெட்டுப்பட்டது எதுன்னு நீங்களே பாத்துக்கோங்க. 1975-க்கு முன்னாடி ஆப்ஸ்ட்ராக்ட்டே கிடையாது, தலைப்பும் மெஷ்ஷும் மட்டும் தான். நீங்க அடிக்கிற வார்த்தை தலைப்புல இல்லைன்னா அந்தக் கட்டுரை உங்க கண்ணுல படவே படாது.

ஆத்தர் பேர்லயும் இப்படித் தான். 1984-ல இருந்து 1995 வரைக்கும் முதல் பத்து ஆத்தரை மட்டும் ஏத்துனாங்க. நம்ம ஊர்ப் பெரியவர் ஒருத்தர் ஒரு பெரிய கூட்டு ஆராய்ச்சியில 12-வது ஆளா இருந்திருந்தா அவர் பேர்ல தேடுனா அந்தக் கட்டுரை வராது. முழுப் பேர் பதிவாக ஆரம்பிச்சது 2002-க்கு அப்புறம், அதுக்கு முன்னாடி இனிஷியல் மட்டும். இதுல நம்ம ஆளுங்களுக்கு இனிஷியல் முன்னாடி வருமா பின்னாடி வருமான்னு ஒவ்வொரு ஜர்னலும் ஒவ்வொரு மாதிரி போட்டு வச்சிருக்கும், சில இடத்துல அப்பா பேர் தான் ஆத்தர் பேரா நிக்கும். அதனால ஒருத்தரோட வேலையைத் தேடுறப்போ பேரை ரெண்டு மூணு விதமா திருப்பிப் போட்டுப் பாக்கணும். ஊர் பேரை வச்சுத் தேடுறதும் நம்பக் கூடாது, ஆத்தரோட முகவரி ஏற ஆரம்பிச்சதே 1988-ல தான், அதுவும் 2013 வரைக்கும் முதல் ஆத்தரோடது மட்டும்.

புது நோய் வந்தா இன்னும் சிக்கல். லாஸ் ஏஞ்சலஸ்ல அஞ்சு இளைஞர்களுக்கு அபூர்வமான நிமோனியான்னு 1981 ஜூன்ல முதல் அறிக்கை வந்துச்சு, எய்ட்ஸ்ன்ற மெஷ் தலைப்பு 1983-ல தான் வந்துச்சு. நடுவுல வந்த கட்டுரைங்களை அந்த நேரத்துல இருந்த தலைப்புங்களுக்குக் கீழ தான் வைக்க முடியும், நிமோனியா, கபோசி சார்கோமா, எதிர்ப்பு சக்திக் குறைபாடுன்னு. அந்த ரெண்டு வருஷத்தைத் தேடுற ஆள் அப்ப டாக்டருங்க அதை என்னன்னு நினைச்சாங்களோ அதை வச்சு தேடணும்.

இப்ப நம்ம ஊர் விஷயம் ஒண்ணை வச்சுப் பாப்போம், அரளி விதை விஷம். ஒரு பிஜி "ஓலியாண்டர் பாய்சனிங் தமிழ்நாடு"ன்னு அடிக்கிறார், கொஞ்சம் தான் வருது, லிட்டரேச்சர் இல்லைன்னு கிளம்பிடறார். முதல்ல தமிழ்நாடுன்றதை எடுங்க. அப்புறம் எந்த அரளின்னு பாருங்க, செவ்வரளி நீரியம், மஞ்சள் அரளி தெவீஷியா, மெஷ்ல ரெண்டும் தனித்தனி. மஞ்சள் அரளிக்கு தாவரவியல்காரங்க இப்ப காஸ்கபேலான்னு பேர் மாத்திட்டாங்க, அதையும் சேக்கணும். இதயத்துல என்ன பண்ணுதோ அந்த வழியா கார்டியாக் கிளைக்கோசைட் (அரளியில இருக்குற, இதயத்தைத் தாக்குற பொருள்), டிஜாக்சின் ஆன்டிபாடி (அதுக்கு மாத்து மருந்து)ன்னும் போகணும். இதெல்லாத்தையும் "ஆர்" (இதுல எது இருந்தாலும் சரி) போட்டு ஒண்ணா சேத்து, விஷம்ன்ற பக்கத்தை தனியா ஒரு "ஆர்" கூட்டமா வச்சு, ரெண்டையும் "அண்ட்" (ரெண்டும் இருக்கணும்) பண்ணா அந்த லிஸ்ட்டே வேற மாதிரி இருக்கும். யாழ்ப்பாணத்துல 170 பேரை வச்சு 1988-ல வந்த மஞ்சள் அரளி கட்டுரை, நம்ம பக்கத்து விஷயத்துக்கு அவ்ளோ நெருக்கமானது, அது தடயவியல் ஜர்னல் ஒண்ணுல வந்திருக்கு, தலைப்புல ஊர் பேரே கிடையாது. டாக்சிகாலஜி ஜர்னலை மட்டும் புரட்டுறவருக்கும் சரி, ஊர் பேர் போட்டுத் தேடுறவருக்கும் சரி, அது தப்பிப் போக நிறைய வாய்ப்பு இருக்கு.

இதுக்கும் மேல, மெட்லைன்குள்ளயே வராத இந்திய ஜர்னல்ங்க எக்கச்சக்கம். அந்தக் குறைக்குத் தான் டெல்லியில மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும், அரசாங்கத்தோட கம்ப்யூட்டர் அமைப்பான என்ஐசியும் சேந்து 1986-ல ஒரு மையம் தொடங்கி, பின்னாடி இண்ட்மெட்னு நம்ம ஜர்னலுக்குன்னே ஒரு டேட்டாபேஸ் போட்டாங்க. பாம்புக்கடி, தேள்கடி, பூச்சிமருந்துன்னு நம்ம வார்டுல தினம் பாக்குற விஷயத்துக்கு பப்மெட்டோட நிறுத்திக்கிறது ரொம்பத் தப்பு. நம்ம காலேஜ் ஷெல்ஃப்ல பைண்ட் பண்ணி தூசி படிஞ்சு கிடக்குற பழைய வால்யூம்ங்களையும் இறக்கிப் பாருங்க.

கடைசியா ரெண்டு விஷயம். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைன்னு பதிவுலயே குறிக்கிற வழக்கம் 80-கள்ல இருந்து இருக்கு, ஆனா நீங்க சீனியர்கிட்ட இருந்து பென்டிரைவ்ல வாங்குன பிடிஎஃப்ல அந்தக் குறி வராது, அதனால தீசிஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ரெஃபரன்ஸ் ஒவ்வொண்ணையும் பப்மெட்ல ஒரு தடவை திறந்து பாத்துடுங்க. இன்னொண்ணு, 2022-ல இருந்து மெஷ் தலைப்பு குடுக்குறதை மனுஷங்க படிச்சுப் பண்றதில்ல, ப்ரோக்ராமே பண்ணுது, ஆளுங்க சிலதை மட்டும் சரி பாக்குறாங்க. அதனால மெஷ் மட்டும் போட்டுத் தேடாம சாதாரண வார்த்தையிலயும் சேத்தே தேடுங்க, அனீமியாவை பிரிட்டிஷ் ஸ்பெல்லிங், அமெரிக்க ஸ்பெல்லிங் ரெண்டுலயும், அட்ரினலினை எபிநெஃப்ரின்னும் போட்டு.

தீசிஸ்ல "யாரும் ஆய்வு செய்யவில்லை"ன்ற வரிக்குப் பதிலா, எந்த டேட்டாபேஸ், எந்தத் தேதியில தேடுனது, எந்த வருஷத்துல இருந்து, என்ன வார்த்தைங்க, எத்தனை வந்துச்சுன்னு நாலு வரி எழுதுங்க. எப்படி எழுதுறதுன்னு தெரியலைன்னா உங்க காலேஜ் லைப்ரரியன்கிட்ட போய் உக்காருங்க, சப்மிஷனுக்கு முந்தின நாள் போகாம டாபிக் முடிவு பண்ற நேரத்துலயே போங்க.