ஹைட்ராக்சோகோபாலமின்: சயனைடுக்கு ஒரு நச்சுமுறி

வாயில் நுழைய அடம்பிடிக்கும் பெயர்தான். துண்டு துண்டாகப் பிரித்துவிட்டால் அவ்வளவு பயமில்லை: ஹைட்ராக்சோ, கோபால், அமின். நடுவில் நிற்பவர் நமக்குத் தெரிந்த கோபால் அல்ல. கோபால்ட் என்னும் உலோகம். ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள் வெள்ளி கிடைக்கும் என்று நம்பி ஒருவகைக் கனிமத்தை உருக்கினார்கள். வெள்ளி வரவில்லை, ஆர்செனிக் கலந்த நச்சுப்புகைதான் வந்தது. எல்லாம் சுரங்கத்துக் குட்டிச்சாத்தானின் வேலை என்று முடிவுகட்டி, அதன் பெயரான 'கோபோல்ட்' என்பதையே கனிமத்துக்கும் வைத்துவிட்டார்கள். 1730களில் சுவீடன் வேதியியலாளர் கியார்க் பிராண்ட் உலோகத்தைப் பிரித்தெடுத்த பிறகும் சாத்தான் பெயர் போகவில்லை.

'அமின்' என்பது 'வைட்டமின்' என்ற சொல்லின் வால். ஆம், இந்த மருந்து வைட்டமின் பி12-இன் ஒரு வடிவம்தான். 'ஹைட்ராக்சோ' என்றால், கோபால்ட் அணுவின் ஒரு பக்கத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஓர் இணை (ஹைட்ராக்சில்) ஒட்டியிருக்கிறது என்று பொருள். மருந்தின் வேலை நடப்பது அந்த இடத்தில்தான்.

சயனைடு, உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும் நொதியில் போய் ஒட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும். அதைச் செலவழிக்கும் வழி அடைபட்டிருக்கும். இந்த மருந்து உள்ளே போனதும் சயனைடு கோபால்ட்டிடம் இழுபட்டு, ஹைட்ராக்சில் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அப்போது உருவாவது சயனோகோபாலமின். வைட்டமின் மாத்திரைகளில் பரவலாக இருக்கும் அதே பொருள்! அது சிறுநீரில் வெளியேறிவிடும்.

அளவுதான் வேறு. பி12 குறைபாட்டுக்கு ஊசி போட்டால் வழக்கமாக 1 மில்லிகிராம். இங்கே பெரியவர்களுக்கு முதலில் 5 கிராம், அதாவது 5,000 மடங்கு. குப்பியில் இருக்கும் கருஞ்சிவப்புத் தூளில் 200 மில்லிலிட்டர் சலைனை விட்டு, குலுக்காமல் மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கரைத்து, 15 நிமிடத்தில் சிரை வழியாக ஏற்றுவார்கள். (பேச்சில் 'நரம்பு ஊசி' என்கிறோம், மருந்து போவது நரம்புக்குள் அல்ல.) அப்புறம் தோலும் சிறுநீரும் சிவந்துவிடும். சிறுநீர் பழைய நிறத்துக்கு வரச் சில வாரங்கள்கூட ஆகலாம். டயாலிசிஸ் இயந்திரம் இந்தச் சிவப்பைப் பார்த்து, இரத்தம் கசிகிறது என்று அலறுவதும் உண்டு.

பழைய முறிமருந்தான சோடியம் நைட்ரைட் இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைக்கும். சயனைடும் கலந்த தீவிபத்துப் புகையில் சிக்கியவருக்குக் கார்பன் மோனாக்சைடு ஏற்கெனவே அந்தத் திறனைக் குறைத்திருக்கும். அதனால்தான் அங்கே இந்தச் சிவப்பு மருந்துக்கு மதிப்பு அதிகம். அமெரிக்கா இதற்கு 2006 டிசம்பரில் ஒப்புதல் தந்தது.

'சயனைடு' என்ற சொல்லுக்கு மூலம் 'கருநீலம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். விஷம் குடித்தவர் நீலம் பாரிப்பதால் வந்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். பிரஷ்ய நீலம் என்னும் சாயத்திலிருந்துதான் 1782-இல் வேதியியலாளர் ஷீலே இதன் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பெயர் அந்தச் சாயத்தின் நிறம். ஆகவே 'நீலநஞ்சு' என்று மொழிபெயர்த்தால் நமக்கு நீலகண்டன் நினைவு வருமே தவிர, பொருள் விளங்காது.

சரி, ஆங்கிலத்தின் 'ஆன்டிடோட்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'மாற்று மருந்து' என்று பலர் எழுதுகிறார்கள். ஒரு மருந்து கிடைக்காதபோது தரும் இன்னொரு மருந்து என்றும் அதற்குப் பொருள் வருவதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. செய்திகளில் வரும் 'விஷமுறிவு மருந்து' தெளிவானது. இன்னும் சுருக்கமாக வேண்டுமென்றால் 'நச்சுமுறி'. இரும்பு 'இருப்புப்பாதை'யில் இருப்பு ஆவதுபோல, நஞ்சு இங்கே நச்சு ஆகிறது. 'முறி' என்றால் உடைப்பதுதானே, இந்த மருந்து சயனைடை உடைக்கவில்லையே என்று கேட்கலாம். தமிழில் விஷத்தை முறிப்பது என்றால் அதன் வீரியத்தை முறிப்பதுதான். அதை இது செய்கிறது.

வேதிப்பெயரை மட்டும் தொடாமல் விடலாம். ஹைட்ராக்சோகோபாலமினுக்கும் சயனோகோபாலமினுக்கும் முன்னொட்டு மட்டுமே வேறுபாடு. இரண்டாவதைக் குப்பி குப்பியாக ஏற்றினாலும் சயனைடு அசையாது, அதில் இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது.