தளர்ந்த பிரைமர் குழி: தோட்டா உறையின் ஆயுள் முடிந்ததற்கான அடையாளம்

சென்ற ஆகஸ்ட் மாதத்தில் ஒருவர் தம் .308 வின்செஸ்டர் ரைஃபிளின் போல்ட்டை (தோட்டாவைப் பின்னாலிருந்து பூட்டித் தாங்கும் உருளையை) மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு டெக்சாஸில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். தோட்டாவின் அடிப்பகுதி வந்து அமரும் போல்ட் முகத்தில், தோட்டாவை அடித்துப் பற்றவைக்கும் ஃபயரிங் பின் வெளிவரும் துளையைச் சுற்றிலும், ஊசியால் குத்தியது போன்ற நுண்ணிய பள்ளங்கள் ஒரு வளையமாகப் பதிந்திருந்தன. எஃகு தரமற்றது, தயாரிப்பாளரிடம் முறையிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அந்த வளையத்தின் விட்டம் பெரிய ரைஃபிள் பிரைமரின் (உறையின் அடிக்குழியில் அமர்ந்து, அடிபட்டதும் தீப்பொறி எழுப்பும் சிறு கிண்ணத்தின்) விட்டத்தோடு பொருந்துவதைக் கண்ட நான், அவர் சுட்டு முடித்த பித்தளை உறைகளைக் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் வந்த 50 உறைகளில் 11 உறைகளில் பிரைமரின் ஓரத்தைச் சுற்றிக் கரி படிந்திருந்தது; இரண்டு உறைகளில் பிரைமரே இல்லை. எஃகில் குறையொன்றும் இல்லை. தளர்ந்த பிரைமர் குழியின் வழியே பின்னோக்கிக் கசிந்த வாயு, வெட்டுச்சுடர் இரும்பை அறுப்பதுபோல அந்த முகத்தை ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்திருக்கிறது.

மேலே செல்லும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தோட்டா உறைகளை மறுபடி நிரப்பிக்கொள்ள, அதாவது ரீலோடிங் செய்ய, கூட்டாட்சிச் சட்டப்படி உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் தேவை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். எனவே இக்கட்டுரை, தாம் வாழும் நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டு இந்த வேலையைச் செய்பவர்களுக்கானது.

பிரைமர் குழியில் பிரைமரைப் பிடித்து வைத்திருப்பது பசையோ திருகோ அன்று, இறுக்கம் மட்டுமே. அமெரிக்கத் தோட்டா அளவுகளை வரையறுக்கும் தொழிலமைப்பான ஸாமி (1926இல் தொடங்கப்பட்டது, தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் சற்று வேடிக்கையாகத்தான் ஒலிக்கும்) பெரிய ரைஃபிள் பிரைமர் குழியின் விட்டத்தை 0.2085 முதல் 0.2100 அங்குலம் வரை என்றும், அதில் அமரும் பிரைமரின் விட்டத்தை 0.2105 முதல் 0.2130 அங்குலம் வரை என்றும் வகுத்துள்ளது. மிகச் சிறிய பிரைமர் மிகப் பெரிய குழியில் அமர்ந்தாலும், ஓர் அங்குலத்தை இரண்டாயிரமாகப் பிரித்ததில் ஒரு பங்கு இறுக்கமாவது மிஞ்ச வேண்டும் என்பதே இந்தக் கணக்கு. அந்த ஒரு பங்கை இழந்த உறைதான் தளர்ந்த உறை. சூட்டின்போது .308 தோட்டாவுக்குள் எழும் அழுத்தத்தின் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. இறுக்கமான குழியில் பிரைமரின் மெல்லிய கிண்ணச் சுவர் அந்த அழுத்தத்தில் விரிந்து குழிச்சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயுவை அடைத்துவிடுகிறது. இடைவெளி இருந்தாலோ, சுவர் விரிந்து ஒட்டுவதற்குள் வாயு முந்திக்கொள்கிறது.

பலருக்கும் புரியாமல் இருப்பது இதற்கு அடுத்த செய்தி. சுட்ட உறையை, அதை முழு நீளத்துக்கும் நெருக்கும் அச்சான ஃபுல் லெங்த் டையில் செலுத்தினால் அது புதிய உறையின் அளவுக்குத் திரும்பிவிடுகிறது என்று நம்புகிறார்கள். கழுத்தும் தோளும் உடலின் பெரும்பகுதியும் திரும்புவது உண்மைதான். ஆனால் பிரஸ்ஸில் உறையைப் பிடித்து நிறுத்தும் ஷெல் ஹோல்டரின் விளிம்பு, உறை அமரும் தளத்திலிருந்து எட்டில் ஒரு அங்குலம் உயர்ந்து நிற்கிறது. அந்த உயரத்துக்குள் மறைந்திருக்கும் உறையின் தலைப்பகுதியை எந்த டையும் தொடுவதில்லை. பிரைமர் குழி அந்தத் தலையில்தான் இருக்கிறது. ஆகவே ஒருமுறை அகன்ற குழி, ரீலோடிங் மேசையில் நாம் செய்யும் எந்த வேலையாலும் தானாகச் சுருங்கப் போவதில்லை. ஒவ்வொரு சூடும் அதன்மேல் கூட்டிக்கொண்டுதான் போகும்.

குழி ஏன் அகல்கிறது? பெரும்பாலும் அழுத்தம்தான் காரணம். உறையின் தலைப்பகுதி குளிர்நிலையில் அடித்தும் அழுத்தியும் இறுக்கப்பட்ட பித்தளை. வரம்புக்குள் இருக்கும் அழுத்தத்தில் அது விரிந்து மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும், வரம்பைத் தாண்டினால் விரிந்தபடியே நின்றுவிடும். நல்ல தரமான .308 உறை, மிதமான அளவில் வெடிமருந்து நிரப்பிச் சுட்டால், குழி இறுக்கத்தோடு பத்து முறைக்கு மேலும் உழைப்பதைக் கண்டிருக்கிறேன். அதே உறை இரண்டே சூட்டில் தளர்வதையும் கண்டிருக்கிறேன். வேறுபாடு பித்தளையில் இல்லை, நிரப்பியவரின் ஆசையில் இருந்தது. என்னிடம் வந்தவர் பிப்ரவரிக் குளிரில், ரீலோடிங் கையேட்டின் உச்ச வரம்பை ஒட்டித் தம் மருந்தளவை முடிவு செய்திருக்கிறார். போல்ட் கைப்பிடி அப்போது இலகுவாகவே எழுந்தது. ஆகஸ்டில், காரின் முன் இருக்கையில் வெயில் பட்டுக் கிடந்த அதே தோட்டாக்கள் வேறொரு தோட்டாவாகவே நடந்துகொண்டன. பல வகை மருந்துகள் வெப்பம் ஏற ஏறக் கூடுதல் அழுத்தம் தருபவை. போல்ட் கைப்பிடி கனத்து எழுந்ததும், உறையின் அடியில், சுட்ட உறையை வெளியே தள்ளும் எஜெக்டரின் பளபளப்பான வட்டத் தடம் விழுந்ததும் அவர் கண்ணில் பட்டிருக்கின்றன. துப்பாக்கி புதியது, அதனால்தான் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டாராம்.

அழுத்தத்தைச் சாராத காரணங்களும் உண்டு. இராணுவத் தோட்டாக்களில் பிரைமர் கழன்று தானியங்கித் துப்பாக்கி சிக்கிக்கொள்ளாதிருக்க, குழியின் வாயைச் சுற்றிப் பித்தளையை நசுக்கி வைத்திருப்பார்கள். இதற்குக் கிரிம்ப் என்று பெயர். மறுபடி நிரப்புவதற்கு முன் அதை நீக்கியாக வேண்டும். சாய்வாகப் பிடித்த ரீமரோ (துளையைச் சுரண்டி அகலப்படுத்தும் கருவி), மின்துளைப்பானில் மாட்டி ஆழமாக ஓட்டிய ரீமரோ கிரிம்ப்போடு குழிச்சுவரையும் சேர்த்துச் சுரண்டிவிடும். ஒரே முறை சுடப்பட்ட 5.56 உறைகளில் குழி தளர்ந்திருந்தால் நான் முதலில் சந்தேகிப்பது ரீமர் பிடித்த கையைத்தான்.

இன்னொரு காரணம் அரிதானது. ஆனால் மிகவும் ஆபத்தானது. கழுத்தை இளக்குவதற்காக உறைகளைச் சூடாக்கும்போது தலைப்பகுதிக்கும் வெப்பம் ஏறிவிட்டால் பித்தளை மிருதுவாகிவிடுகிறது. மொத்தமாக அடுப்பில் வைத்துச் சூடாக்கிய உறைகளை ஒருமுறை ஒருவர் பெருமையோடு காட்டினார். அனைத்தையும் என் கண்முன்னே நசுக்கச் சொன்னேன். இரும்பைப் போலக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் பித்தளை இறுகாது. குளிர்நிலையில் அடித்து உருவாக்கும்போது மட்டுமே இறுகும். இளகிய தலையை வீட்டில் மீட்க வழியே இல்லை.

தளர்வைக் கண்டுபிடிப்பதற்கு விலையுயர்ந்த கருவியைவிடக் கைவிரலின் நினைவே பெரிதும் உதவுகிறது. நெம்புகோலை விரல்களால் அழுத்தும் கைக்கருவியில் பிரைமரை அமர்த்தும்போது, புதிய உறையில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீரான எதிர்ப்பு இருக்கும். சில சூடுகளுக்குப் பின் அது குறையும். ஒருநாள் வெண்ணெயில் விரல் இறங்குவதுபோலப் பிரைமர் இறங்கும். அன்றே அந்த உறையின் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம். வேகமாக நிரப்பித் தள்ளும் புரோகிரெசிவ் பிரஸ்ஸில் ஒரே கைப்பிடி நான்கைந்து வேலைகளைச் சேர்த்துச் செய்வதால் இந்த உணர்வு முற்றிலும் தொலைந்துபோகிறது. அத்தகைய பிரஸ் வைத்திருப்பவர்களிடமும் ரைஃபிள் உறைகளுக்குப் பிரைமர் அமர்த்துவதை மட்டும் தனியாகக் கையால் செய்யுங்கள் என்று சொல்லிவருகிறேன். கை நினைவை நம்பாதவர்களுக்குக் கோ, நோ-கோ என்னும் இருமுனை அளவுக் கம்பி உண்டு. சிறிய முனை நுழைய வேண்டும், பெரிய முனை நுழையக் கூடாது. பெரிய முனை நுழைந்த உறையைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. பழைய பிரைமரைத் தள்ளி எடுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் அது உதிர்ந்தாலும் அதே தீர்ப்புத்தான்.

தளர்ந்த குழியை இறுக்கித் தருவதாகச் சொல்லும் வழிகள் பல. குழியின் வாய்மேல் எஃகு உருண்டையை வைத்துச் சுத்தியலால் அடித்து விளிம்பை உள்ளே நெருக்குவது ஒன்று. விளிம்பு நெருங்கும், பிரைமரும் நுழையும்போது இறுக்கமாகவே தோன்றும். ஆனால் இறுக்கம் வாயில் மட்டும் இருக்கிறதே தவிர, அதற்குக் கீழுள்ள சுவர் அகன்றது அகன்றதாகவே இருக்கிறது. விரிந்து தளர்ந்த தலை விரிந்து தளர்ந்த தலைதான். சற்றுப் பெரிய விட்டமுள்ள வேறு நிறுவனத்துப் பிரைமரைத் தேடிப் பிடிப்பது இன்னொன்று. நிறுவனத்துக்கு நிறுவனம் விட்டத்தில் நூலிழை வேறுபாடு இருப்பது உண்மை. அந்த வேறுபாடு ஒரு சூட்டையோ இரண்டு சூடுகளையோ கடன் வாங்கித் தரும். பிரைமரை மாற்றினால் அழுத்தமும் மாறலாம், அதனால் மருந்தளவைக் குறைத்துத் தொடங்கி மறுபடி படிப்படியாக ஏற வேண்டும் என்பதை அப்படிச் செய்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். நகப்பூச்சைத் தடவி ஒட்டிவைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஈரம் புகாமல் காக்கப் பூசும் பூச்சு 62,000 பவுண்டு அழுத்தத்தைத் தடுக்கும் என்று எண்ணுவதற்கு அசாத்தியத் துணிவு வேண்டும். ஓர் உறையின் விலை ஒரு டாலரோ இரண்டு டாலரோ; என்னிடம் வந்தவரின் போல்ட்டுக்கு அதைப் போலப் பல மடங்கு ஆகும். கண்ணுக்கு விலையே இல்லை.

ஏஆர்-15 போன்ற அரைத் தானியங்கித் துப்பாக்கிகளில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. கழன்ற பிரைமர் உறையோடு வெளியே போகாமல் டிரிக்கரின் அடியில் விழுந்து உருண்டால், டிரிக்கர் அசைய மறுக்கும். சில நேரம் அது எங்கே சிக்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அரைமணி நேரம் ஆகிவிடும். காரணம் தெரியாத டிரிக்கர் கோளாறு என்று என்னிடம் வந்த துப்பாக்கிகளைத் தலைகீழாகத் தட்டியதும் ஒரு கசங்கிய பிரைமர் மேசையில் விழுந்த நாள்கள் உண்டு.

தளர்வு எந்தக் கட்டத்தில் தெரிகிறது என்பதைப் பொறுத்து அடுத்த வேலை மாறும். பிரைமர் அமர்த்தும்போதே தெரிந்தால் அந்த உறையில் மருந்து நிரப்பாமல் உடனே தனியே எடுத்து வைத்துவிடுங்கள். இன்னும் வெடிக்காத பிரைமரைச் சுத்தியலால் தட்டி எடுக்க முயலாதீர்கள். கண்ணாடி அணிந்து, கையேடு சொல்லும் முறையில், பிரஸ்ஸில் மிக மெதுவாகத் தள்ளுங்கள். மருந்தும் குண்டும் ஏற்றிய பிறகே நினைவு வந்தால், குண்டைக் கவ்வி இழுக்கும் காலெட் வகைப் புல்லரைப் பயன்படுத்துங்கள். தரையில் ஓங்கி அடிக்கும் சுத்தியல் வகைப் புல்லரில், தளர்ந்த பிரைமர் தானே கழன்றுவிடக்கூடும். கழிக்கும் உறையின் வாயைக் குறட்டால் நசுக்கிய பிறகே குப்பையில் போடுங்கள். நசுக்காத உறைக்கு, எப்படியோ மீண்டும் நல்ல உறைகளின் பெட்டிக்கே திரும்பிவிடும் விசித்திர குணம் உண்டு.

ஒரே பெட்டியில், ஒரே மருந்தளவில், ஒரே எண்ணிக்கை முறை சுட்ட 50 உறைகளில் மூன்று தளர்ந்திருந்தால், அந்த மூன்றை மட்டும் எறிந்துவிட்டு மீதியோடு அமைதியாகத் தொடர்பவர்களை என்னால் ஏற்க முடிவதில்லை. மீதி 47 உறைகளும் அதே அழுத்தத்தைத்தான் பட்டிருக்கின்றன. அவற்றை அளவுக் கம்பியால் ஒவ்வொன்றாகச் சோதித்து, மருந்தளவைக் கையேட்டின் தொடக்க அளவுக்கே இறக்கி, மறுபடி மேலே வர வேண்டும். அழுத்தத்தைக் குறைக்காமல் புதிய உறை வாங்குவது, கூரை ஒழுகும்போது பாத்திரத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதைப் போன்றது. உறை நெடுநாள் உழைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, சிறிய ரைஃபிள் பிரைமர் கொண்ட உறைகளைப் பரிந்துரைப்பதுண்டு. லாப்புவா நிறுவனம் 6.5 கிரீட்மூர் உறையை அவ்வகையில் தயாரிக்கிறது. குழி சிறிதாவதால் அதைச் சுற்றி நிற்கும் பித்தளை கூடுகிறது, தலையும் கூடுதல் காலம் தாங்குகிறது. அதிக வலிமை இருக்கிறது என்று அதில் அதிக மருந்து போடத் தொடங்கினால் பழைய இடத்துக்கே வந்து சேர்வோம்.

அந்த வாடிக்கையாளரின் போல்ட் முகத்தை நான் கடையவில்லை. கடைந்து சமன் செய்தால் ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகத்துக்கும் தோட்டா முன்னால் முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம், கூடிவிடும்; அந்தப் பள்ளங்களும் தோட்டாவைத் தாங்கும் பரப்பைக் கெடுக்கும் அளவுக்கு ஆழமாக இல்லை. துடைத்து, அளந்து, அப்படியே திருப்பிக் கொடுத்தேன். இப்போது அவருடைய பெட்டி ஒவ்வொன்றின் மூடியிலும் மருந்தளவு, சூட்டின் எண்ணிக்கை, சுட்ட நாளின் வெப்பநிலை ஆகியவை பென்சிலால் எழுதப்பட்டிருக்கின்றன. நசுக்கிய 50 உறைகளையும் அவர் ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டு, தம் பிரஸ்ஸின் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.