அரத்தால் தேய்த்த கிராங்க் போல்ட்

சென்ற மாதம் ஓர் இளைஞர் தம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். இடது கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் தண்டு, கழன்று அவர் கையில் தனியாக இருந்தது. அதைப் பிடித்திருக்கும் போல்ட் தொலைந்துபோனதால், வீட்டில் கிடந்த 8 மில்லிமீட்டர் போல்ட்டை அளவுக்கு அறுத்து, முனையை அரத்தால் தேய்த்து மாட்டியிருக்கிறார். மெதுவாக வரும்போது கழன்றதால் தப்பித்தார்.

போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். முதல் மூன்று மரைகள் நசுங்கிப் பளபளத்தன. மற்றவை புதிதுபோல இருந்தன. இரண்டு கிராங்குகளையும் இணைக்கும் சதுர முனை அச்சுக்கான போல்ட் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர்தான். ஆனால் அதன் மரை இடைவெளி 1 மில்லிமீட்டர்; சாதாரண 8 மில்லிமீட்டர் போல்ட்டில் 1.25. கண்ணுக்கு இந்த வித்தியாசம் எளிதில் பிடிபடாது. கையால் திருகினால் ஓரிரு சுற்று ஏறும், பிறகு சிக்கும். முனையைத் தேய்த்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். அதற்குமேல் ஸ்பேனரைப் போட்டால் கை நடுங்கும் அளவுக்கு இறுகும். ஆளை ஏமாற்றுவது அந்த இறுக்கம்தான். மரையும் மரையும் மோதி இறுகியிருக்கின்றனவே தவிர, கிராங்கை அச்சின்மேல் அழுத்தும் விசை அங்கே இல்லை.

சரியான போல்ட், இறுக்கும்போது மிக நுண்ணிய அளவில் நீண்டு, சுருள்வில்போல கிராங்கை உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. அதற்காகத்தான் தயாரிப்பாளர்கள் பொதுவாக 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குவிசை கேட்கிறார்கள். எடை குறைக்கப் போல்ட்டில் துளையிடுவதும், நெருப்பில் பழுக்கக் காய்ச்சுவதும் அந்தப் பலத்தையே கெடுக்கின்றன. தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள்.

தளர்ந்த கிராங்குடன் ஓட்டுவது இன்னும் மோசம். அச்சு எஃகு, கிராங்க் பெரும்பாலும் அலுமினியம். மிதிக்க மிதிக்கச் சதுரத் துளையின் மூலைகள் மழுங்கும். சுற்றுக்கு ஒருமுறை காலில் 'டக்' என்று தட்டும். துளை உருக்குலைந்தபின் எவ்வளவு நல்ல போல்ட் போட்டாலும் நிற்காது. அந்த இளைஞருக்குக் கிராங்கோடு அச்சையும் மாற்ற வேண்டியிருந்தது, அச்சின் உள்மரையும் அழிந்துவிட்டதால்.

போல்ட் தொலைந்தால் கிராங்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, புதுப் போல்ட்டை அச்சில் விரலால் மட்டும் திருகிப் பாருங்கள். ஐந்தாறு சுற்று வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். இரண்டாவது சுற்றிலேயே முரண்டு பிடித்தால் அது அந்த அச்சுக்கான போல்ட் அல்ல. அரத்தை எடுக்காதீர்கள், போல்ட்டை மாற்றுங்கள்.